"யார் செய்தது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

வேலையிடத்தில் ஏதாவது பிழைத்துப்போனால் முதலில் வரும் கேள்வி "யார் செய்தது?" என்பதுதான். வீட்டிலும் அப்படித்தான். கண்ணாடிக் குவளை உடையும் சத்தம் கேட்டவுடன் குசினிக்குள் இருந்து அம்மா கேட்பது "ஆர் உடைச்சது?" என்றுதான். "குவளையை ஏன் மேசை விளிம்பிலே வைத்திருந்தோம்?" என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. ஒரு குவளைக்கு அது பரவாயில்லை. ஆனால் ஒரு எரிவாயு ஆலைக்கும், நிலக்கரிச் சுரங்கத்துக்கும், நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகப்போகும் அலுவலகத்துக்கும் அந்தக் கேள்வி போதாது.

இதைத் தன் வாழ்நாள் வேலையாகவே சொல்லிவந்த ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் ஆண்ட்ரூ ஹொப்கின்ஸ். கன்பராவில் உள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். பெரிய தொழிற்சாலை விபத்துகள் எப்படி நடக்கின்றன என்று உலகத்துக்கு விளக்கிச் சொன்ன முக்கியமான சிலரில் அவரும் ஒருவர். அவர் பெயரால் அறியப்படுவது பொறியியல் அல்ல, சமூகவியல்.

இந்த இடத்தில் சிலர் சிரிப்பீர்கள். "சமூகவியல் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்ற கேள்வியை எங்கள் வீடுகளில் கேட்காத பிள்ளை குறைவு. வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம். இவற்றுக்கு வெளியே எதைச் சொன்னாலும் சாப்பாட்டு மேசையில் ஒரு மௌனம் விழும். எனக்கு முதுகலைப் பட்டம் பொறியியலில்தான். உலோகம் எந்த வெப்பநிலையில் நொறுங்கும் என்று வகுப்பில் கற்றுத் தந்தார்கள். அது நொறுங்கும் என்று தெரிந்த ஆள் சரியான நேரத்தில் ஏன் பக்கத்தில் இல்லை என்பதை யாரும் கற்றுத் தரவில்லை. ஹொப்கின்ஸின் வேலை முழுவதும் அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

சுரங்கத்துக்கு வந்த சமூகவியலாளர்

அவர் தொடக்கத்தில் படித்தது நிறுவனங்களின் குற்றங்களைப் பற்றி. 1978-ல் வந்த அவருடைய நூல் ஒன்று, அவுஸ்திரேலியாவின் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் எந்தச் சமூகச் சூழலில் பிறந்தது என்பதை ஆராய்ந்தது. அதற்குப் பிறகு அவர் கவனம் வேலையிடக் காயங்களின் பக்கம் திரும்பியது.

1980களில் அவுஸ்திரேலியாவில் நாள் முழுக்க விசைப்பலகையில் தட்டெழுதும் வேலை செய்தவர்கள், அதிலும் பெண்கள், பெருந்தொகையாகக் கையிலும் மணிக்கட்டிலும் வலி என்று சொல்லத் தொடங்கினார்கள். "கற்பனை நோய்" என்று சொன்ன வைத்தியர்களும் இருந்தார்கள். ஹொப்கின்ஸ் கேட்ட கேள்வி வேறு. ஒரே மாதிரி வேலை செய்யும் ஆட்கள் அமெரிக்காவிலும் இருக்கும்போது, ஒரு நாட்டில் இது நோயாக அங்கீகரிக்கப்படுவதும் இன்னொரு நாட்டில் அந்த அளவுக்குக் கவனிக்கப்படாமல் போவதும் ஏன்? இன்றைக்கு மடிக்கணினிக்கு முன்னால் கூனிக்கொண்டு இதை வாசிக்கும் உங்களுக்கும் எனக்கும் அந்தக் கேள்வி அந்நியமானது இல்லை.

பிறகு சுரங்கங்கள். 1994 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்தின் மௌரா நகரத்துச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 11 பேர் இறந்தார்கள். நிலக்கரி உள்ளுக்குள் தானாகவே சூடேறிக்கொண்டிருந்தது. அதற்கான அறிகுறிகள் இருந்தன. வித்தியாசமான மணத்தைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் தகவல்களில் பல வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டன. எழுத்தில் ஏறி, முடிவெடுக்கும் ஆளின் மேசைக்குப் போகவில்லை. அதே ஊரில் 1986-ல் வேறொரு சுரங்கத்தில் 12 பேர் இறந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "எங்களுக்கு அப்படி நடக்காது" என்று ஓர் இடமே நம்பத் தொடங்கும் நிலையை ஹொப்கின்ஸ் 'மறுப்புக் கலாசாரம்' என்று அழைத்தார். ஒரு எச்சரிக்கை வந்தால், அது ஏன் எச்சரிக்கை இல்லை என்று காட்டும் விளக்கம் ஒன்றும் கூடவே தயாராக இருக்கும்.

லோங்ஃபோர்ட்

அவரை உலகம் அறியச் செய்தது விக்டோரியா மாநிலத்தின் லோங்ஃபோர்ட் எரிவாயு ஆலை. 1998 செப்டெம்பர் 25 அன்று எஸ்ஸோ நிறுவனத்தின் அந்த ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 2 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். மாநிலத்தின் எரிவாயு விநியோகம் நின்றுபோனது. பத்து இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் அடுப்பும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. அது சரியாக இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்தது. அந்த வயதில் மெல்பேர்னில் வளர்ந்த எங்களில் பலருக்கு அது ஒரு வேடிக்கையான ஞாபகம். அம்மா மின்சாரக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து வாளியில் கலந்து குளிக்க வார்த்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் எரிவாயு வரவில்லை என்று அப்போது கேட்கவே தோன்றவில்லை.

நடந்தது இதுதான். ஆலையில் சூடான எண்ணெயைச் சுற்றிவரச் செய்யும் பம்புகள் நின்றுபோயின. சூடு போகாததால், வழக்கமாக 100 பாகை செல்சியஸ் அளவில் இருக்கவேண்டிய ஒரு வெப்பமாற்றி, பூச்சியத்துக்குக் கீழே 48 பாகை வரை குளிர்ந்தது. அந்தக் குளிரில் உருக்கு நொறுங்கும் தன்மையை அடையும். அந்த நிலையில் சூடான எண்ணெயைத் திரும்ப அனுப்பினார்கள். கலம் பிளந்தது. வெளியே வந்த வாயு தீப்பற்றியது.

யார் செய்தது? தொழிலாளர்களுக்குப் பயிற்சி தந்திருந்தோம், அவர்கள் அதைப் பின்பற்றவில்லை என்பதுதான் நிறுவனத்தின் வாதம். கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அரச விசாரணை ஆணைக்குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. குளிர்ந்த உலோகத்தில் சூடான எண்ணெயைப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்ற அறிவே அங்கு வேலை செய்தவர்களுக்குத் தரப்படவில்லை என்று 1999-ல் வந்த அதன் அறிக்கை சொன்னது. அந்த ஆணைக்குழுவின் முன் நிபுணர் சாட்சியாக வந்தவர்களில் ஹொப்கின்ஸும் ஒருவர். அந்த ஆய்விலிருந்து 2000-ல் பிறந்ததுதான் 'லெசன்ஸ் ஃப்ரொம் லோங்ஃபோர்ட்' என்ற நூல். சாதாரண ஆங்கிலத்தில், யாரும் வாசிக்கக்கூடிய மாதிரி எழுதப்பட்ட சிறிய புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் அவர் செய்வது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் இன்னொரு "ஏன்?" கேட்கிறார். தொழிலாளர்களுக்கு ஏன் தெரியவில்லை? ஆலையில் என்ன என்ன ஆபத்து வரலாம் என்று முறையாக அலசும் ஆய்வு அந்தப் பகுதிக்குச் செய்யப்படவே இல்லை. செய்வதாகத் திட்டம் இருந்தது, தள்ளிப்போனது. சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் பொறியியலாளர் இருந்தாரா? இல்லை. 1992-ல் அவர்களை மெல்பேர்ன் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை மணி அடிக்கவில்லையா? அடித்தது. ஆனால் நாளாந்தம் நூற்றுக்கணக்கில் அடிக்கும் மணிகளில் எதைக் கவனிப்பது? சில வாரங்களுக்கு முன்பே அதே ஆலையில் கடும் குளிர்ச்சி ஏற்பட்ட சம்பவம் ஒன்று நடந்ததே, ஏன் யாரும் விழித்துக்கொள்ளவில்லை? ஆட்களுக்குக் காயம் பட்டால்தான் அங்கே சம்பவ அறிக்கை எழுதும் பழக்கம். யாருக்கும் காயமில்லை, ஆகவே அறிக்கையும் இல்லை.

இப்போது திரும்பிப் பாருங்கள். அன்று வால்வைத் திருப்பிய மனிதரின் கை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும்தான். அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தால் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் எல்லாம் அப்படியே இருந்திருக்கும், அடுத்த ஆளுக்காக. எஸ்ஸோவுக்கு நீதிமன்றம் பிறகு 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

பச்சை விளக்கு பொய் சொல்லும்

ஹொப்கின்ஸிடமிருந்து நான் கற்றுக்கொண்ட மிக முக்கியமான பாடம் அளவீடுகளைப் பற்றியது. தொழிற்சாலை வாசலில் "கடைசி விபத்து நடந்து இத்தனை நாள்" என்று ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது எண்ணுவது வேலைக்கு வரமுடியாமல் போகும் அளவிலான காயங்களை. வழுக்கி விழுவது, கையை வெட்டிக்கொள்வது, முதுகு பிடித்துக்கொள்வது. இவை குறைவது நல்லதுதான். ஆனால் இந்த எண்ணிக்கை சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஆலை வெடிக்காது என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு ஆபத்துகள். விமானத்தில் பணியாளர்களுக்கு முதுகுவலி குறைந்துவிட்டது என்பதை வைத்து விமானம் விழாது என்று யாராவது சொல்வார்களா?

எஸ்ஸோ அந்தக் காயக் கணக்கில் நல்ல பெயர் எடுத்த நிறுவனம். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆபத்தான கலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். அவர்களில் சிலர், வேலைநாள் இழப்பு ஏதும் இல்லாமல் ஒரு மாதம் முடிந்ததற்கான மதிய விருந்துக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளையிடும் மேடை தீப்பற்றி 11 பேர் இறந்தார்கள். ஏழு வருடமாக அப்படியொரு காயம் இல்லாமல் வேலை நடந்ததைப் பாராட்ட மேலதிகாரிகள் வந்திருந்த அதே நாள் அது.

இந்த இரண்டு விபத்துகளையும் ஆராய்ந்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபைக்கு ஹொப்கின்ஸ் ஆலோசகராக இருந்தார். டெக்சாஸ் சிட்டி பற்றி 2008-ல் அவர் எழுதிய நூலின் தலைப்பே 'கற்கத் தவறியது' என்ற பொருளில்தான் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாப் பயணம் பற்றி அவர் எழுதியது இன்னும் கூர்மையானது. வந்த அதிகாரிகள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. தொழிலாளர்களோடு பாதுகாப்பைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் வழுக்குவது, விழுவது, கைக்காயம் போன்றவற்றைப் பற்றிப் பேசினார்கள். அந்த நேரத்தில் கிணற்றின் அழுத்தத்தைச் சோதிக்கும் மிக முக்கியமான வேலை நடந்துகொண்டிருந்தது. சோதனையின் முடிவு சரியாக வரவில்லை. "ஏன் இப்படி வருகிறது, எனக்கு விளக்குங்கள்" என்று யாராவது விடாமல் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். என் வேலையில் யாருடைய உயிரும் போவதில்லை என்று முன்பு நினைப்பதுண்டு. ஆனால் இன்று மருத்துவமனையின் மருந்துப் பட்டியலும், தண்ணீர் விநியோகமும், அவசர அழைப்பும் யாரோ எழுதிய மென்பொருளில்தான் ஓடுகின்றன. எங்கள் திட்டக் கூட்டங்களிலும் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். மூடிய பிழைகள் எத்தனை, முடித்த பணிகள் எத்தனை என்று எண்ணிக்கை இருக்கும். நாளைக்கு எல்லாவற்றையும் கவிழ்க்கக்கூடிய ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கும் பெட்டி மட்டும் இருக்காது. ஒருமுறை ஒரு நிறுவனத்தில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பெடியன் ஒருவன், பரிசோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டான். "யார் செய்தது?" என்ற கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. இரண்டு திரைகளும் ஏன் ஒரே மாதிரி இருந்தன, மூன்று மாதப் பெடியனுக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது எந்த விதி, காப்புப்பிரதி ஏன் பல வாரங்களாகச் சோதிக்கப்படவில்லை. இவற்றை யாரும் கேட்கவில்லை. அவனுடைய ஒப்பந்தம் மட்டும் முடிவுக்கு வந்தது.

அக்கறை மட்டும் போதாது

"எல்லாம் மனப்பான்மைதான், ஆட்கள் கவனமாக இருந்தால் விபத்தே வராது" என்று சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். சுவரொட்டி ஒட்டுவார்கள், உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். ஹொப்கின்ஸ் இதோடு ஒத்துப்போவதில்லை. ஒரு நிறுவனத்தின் கலாசாரம் அதன் அமைப்பிலிருந்து வருகிறது என்பது அவர் வாதம். யார் யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? யாருடைய ஊக்கத்தொகை எதைப் பொறுத்து இருக்கிறது? பாதுகாப்பைப் பார்க்கும் பொறியியலாளர், உற்பத்தி இலக்கை அடைந்தால் பணம் வாங்கும் மேலாளருக்குக் கீழே இருந்தால், அவர் "நிறுத்து" என்று சொல்வது எவ்வளவு கடினம்! அவருக்குத் தலைமையகம் வரை போகும் தனியான பாதை வேண்டும் என்கிறார். ஊக்கத்தொகை வருடா வருடம் கணக்கிடப்படுகிறது. பெரிய விபத்தோ முப்பது வருடத்துக்கு ஒருமுறை வருவது. அந்த முப்பதாவது வருடத்தைப் பற்றி யோசிக்க இந்த வருட ஊக்கத்தொகையில் இடமில்லை. மெக்சிகோ வளைகுடா விபத்துக்குப் பிறகு பிபி நிறுவனம், வணிகப் பிரிவுகளுக்கு வெளியே, அதிகாரமுள்ள ஒரு தனிப் பாதுகாப்புப் பிரிவை உருவாக்கியது. அமைப்பை மாற்றலாம் என்பதற்கு அது சாட்சி. அது 11 உயிர்களுக்குப் பிறகு நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அமைப்பின் மேல் போட்டுவிட்டால் தனிமனிதர் பொறுப்பில்லாமல் தப்பிவிடமாட்டாரா? நியாயமான கேள்வி. குடித்துவிட்டு இயந்திரம் ஓட்டியவரை யாரும் காப்பாற்றச் சொல்லவில்லை. ஆனால் "அமைப்பு" என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை. பொறியியலாளர்களை மெல்பேர்னுக்கு மாற்றலாம் என்று ஒருவர் முடிவெடுத்தார். ஆபத்து ஆய்வை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒருவர் கையெழுத்திட்டார். அமைப்பைப் பார்ப்பது என்றால் பொறுப்பை மேல்மாடிக்கும் கொண்டுபோவது. விக்டோரியாவில் 2020 ஜூலை முதல், அலட்சியத்தால் வேலையிடத்தில் உயிர் போனால் நிறுவனத்தின் மேல்மட்டத்தினரும் சிறைக்குப் போகக்கூடிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எனக்கு அது சரியான திசையாகத்தான் படுகிறது.

இன்னொன்று. ஆலோசகர் என்ற வார்த்தைக்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. பணம் தருபவர் கேட்க விரும்புவதை அழகான படங்களோடு திருப்பிச் சொல்பவர் என்று. அந்தச் சலனம் எப்படியிருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். ஹொப்கின்ஸின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது இங்கேதான். அவர் காலை ஊன்றியிருந்தது பல்கலைக்கழகத்தில். நிறுவனங்கள் அழைத்தபோது போனார், பேசினார். அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதும்போது மழுப்பவில்லை. 2001-ல் அவுஸ்திரேலிய விமானப் படையின் விசாரணைக் குழுவில் ஒருவராக இருந்தார். எஃப்-111 விமானங்களின் எரிபொருள் தாங்கிகளுக்குள் புகுந்து வேலை செய்தவர்கள் நச்சு இரசாயனங்களால் நோயாளிகளாகிப் போயிருந்தார்கள். விமானம் விழக்கூடாது என்பதில் உயிரைக் கொடுக்கும் ஓர் அமைப்பு, அந்த விமானத்தைப் பழுதுபார்ப்பவனின் தோலையும் மூச்சையும் பார்க்கவில்லை. தரையில் வேலை செய்பவன் கண்ணில் படுவதில்லை. 2016-ல் எழுதிய தன்வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு 'அமைதியான சீற்றம்' என்ற பொருள் தருவது. கூச்சல் போடாமல், தரவுகளோடு, விடாமல் கோபப்படுவதும் ஒரு தொழிலாக இருக்க முடியும்.

உங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறேன்?

எங்கள் பெற்றோரில் பலர் இந்த நாடுகளுக்கு வந்து முதலில் செய்தது தொழிற்சாலை வேலை, துப்புரவு வேலை, இரவுநேர வேலை. கை வெட்டுப்பட்டாலும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த கிழமை வேலை இருக்காது என்ற பயம். "என்னிலதான் பிழை, பாத்து வேலை செய்திருக்கவேணும்" என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். அந்த வசனத்தை நீங்கள் முதுசொமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

களஞ்சியத்திலோ சுப்பர்மார்க்கெட்டிலோ சனி ஞாயிறு வேலைக்குப் போகிறீர்களா? மூன்று விஷயங்களைக் கேட்டு வையுங்கள். ஏதாவது ஆபத்தாகத் தெரிந்தால் நான் யாரிடம் சொல்லவேண்டும்? சொன்ன பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் திரும்பச் சொல்வார்களா? இங்கே தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி யார்? ஒரு தயக்கமும் இல்லாமல் பதில் வந்தால் நல்ல இடம். வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மௌராவில் வாய்ச்சொல்லுக்கு என்ன ஆனது என்று பார்த்தோம்.

நாளைக்கு மேலாளராகப் போகிறீர்களா? நல்ல செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தால் பயப்படுங்கள். கெட்ட செய்தியோடு வருபவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தில் எதைப் படிப்பது என்று குழம்பி நிற்கிறீர்களா? மனிதர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்ற கேள்விதான் உங்களை இழுக்கிறது என்றால், அதைப் படியுங்கள். "அதிலே என்ன வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்டால் லோங்ஃபோர்ட் கதையைச் சொல்லுங்கள். அங்கே உலோகத்தைப் படித்தவர்கள் இருந்தார்கள், நிர்வாகத்தைப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எது அறுந்துபோயிருந்தது என்று உலகத்துக்கு விளக்கமாகச் சொன்ன புத்தகத்தை எழுதியவர் ஒரு சமூகவியலாளர். 'லெசன்ஸ் ஃப்ரொம் லோங்ஃபோர்ட்' உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். முடித்ததும் அப்பாவிடமோ அம்மாவிடமோ, அவர்கள் முதலில் வேலை செய்த இடத்தில் யாருக்காவது என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். கதை இருக்கும்.